வெள்ளைக் கோட்டுக்காரி

கிளடிஸ் வேலை செய்யும் இடத்துக்குக் கோடைகாலம் வருவதில்லை. ரொறொன்ரோவின் மில்லிக்கனில், ஸ்ரீல்ஸ் வீதிக்குப் பக்கத்தில், சலாட் இலைகளை வெட்டிக் கழுவிப் பைகளில் அடைக்கும் தொழிற்சாலை அது. உள்ளே எந்நாளும் நான்கு பாகைக் குளிர். வெளியே ஜூலை வெயிலில் தார் உருகினாலும், உள்ளே அவள் இரண்டு சுவெற்றருக்கு மேல் வெள்ளைக் கோட்டும், தலையில் வலைத்தொப்பியும் போட்டுக்கொண்டு, ஓடும் பெல்ற்றின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்பாள். பத்தொன்பது வருடம் அப்படி நின்றதில் விரல் மூட்டுகள் இஞ்சிக் கிழங்குபோலப் புடைத்துவிட்டன. வயது ஐம்பத்தெட்டு.

முன்பெல்லாம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், கணவர் அகஸ்ரின் முதலில் அவளுடைய கைகளைத்தான் வாங்குவார். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துச் சூடாக்குவார்.

"மீன் லைனிலை நிண்டவனுக்குத்தான் உந்தக் குளிர் தெரியும். மற்றவைக்கு உது விளங்காது" என்பார்.

உண்மைதான். இருபத்திரண்டு வயதில் மன்னாரில் இருந்து நோர்வேக்குப் போனவர் அவர். அந்த நாட்டின் வடக்கு மூலையில், மாரியில் இரண்டு மாதம் சூரியனே எழும்பாத ஒரு சின்னத் துறைமுகத்தில், ஏழு வருடம் மீன் வெட்டினார். அவருக்குக் கலியாணம் பேசி, அங்கே வரவேண்டியிருந்த பொம்பிளை கிளடிஸ். தொண்ணூற்றோராம் ஆண்டு ஏஜென்சிக்காரன் அவளைக் கொழும்பில் விமானம் ஏற்றினான். சிங்கப்பூரில் ஒரு மாதம் அடைத்து வைத்துவிட்டு, நோர்வே றூட் அடைபட்டுப் போச்சு, கனடா றூட்தான் திறந்திருக்கு என்று சொல்லி, வேறு ஒருத்தியின் பாஸ்போட்டில் ரொறொன்ரோவுக்கு அனுப்பிவிட்டான். அகஸ்ரினுக்குச் சொல்ல ஆளில்லை. அவர் ஒஸ்லோ விமான நிலையத்தில் மூன்று நாள் காத்து நின்றார். பிறகு இரண்டு வருடம் கழித்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கனடாவுக்கு வந்து, ஸ்காபரோவில் ஒரு தேவாலயத்தில் அவளைக் கைப்பிடித்தார்.

அந்தக் கதையை அவர் முப்பது வருடமாக எல்லாக் கலியாண வீட்டிலும் பகிடியாகச் சொல்லிவந்தார்.

"நான் அங்கை கிளவுசோடை நிக்கிறன், பொம்பிளை இஞ்சை ஸ்னோவிலை வெறுங்கையோடை நிக்கிறா!"

கிளவுஸ் என்றது கறுப்பும் வெள்ளையுமாக, எட்டு இதழ் நட்சத்திரம் பின்னிய நோர்வேக் கம்பளிக் கையுறை. வரப்போகிறவளுக்குக் குளிருமே என்று வாங்கி வைத்திருந்தார். இரண்டு வருடம் பெட்டிக்குள் கிடந்து, அவரோடு கடல் கடந்து வந்து, கிளடிஸின் கைக்கு அது சரியாக இருந்தது. பல வருடம் போட்டாள். ஒருநாள் ஃபிஞ்ச் பஸ்ஸில் ஒன்றைத் தவறவிட்டு வந்து அழுதாள். மற்றது இன்னும் அலுமாரிக்குள் கிடக்கிறது.

போன நவம்பரில் ஒரு காலை, முகம் வழிக்கும்போது அகஸ்ரின் கண்ணாடிக்கு முன்னால் அப்படியே சரிந்தார். பாரிசவாதம். வலது கை விழுந்தது. நினைவு குழம்பியது. பேச்சும் போனது.

ஆறு கிழமைக்குப் பிறகு பேச்சுத் திரும்பி வந்தது. ஆனால் அது என்ன பேச்சு!

"உங்கள் மொழியில் ஏதோ சொல்கிறார், என்ன வேண்டுமாம்?" என்று கேட்டாள் ஆஸ்பத்திரித் தாதி.

கிளடிஸ் குனிந்து காதைக் கொடுத்தாள். ஒரு சொல் விளங்கவில்லை. நாக்குக் குழறுகிறது என்று நினைத்து அழுதாள். தாதி அதைத் தமிழ் என்று நினைத்தாள், தமிழச்சி அதைக் குழறல் என்று நினைத்தாள். அந்த மனிதர் நடுவில் கிடந்து பேசிக்கொண்டே இருந்தார். இரண்டு மாதம் போனது.

மகள் நடாஷாதான் கண்டுபிடித்தாள். இருபத்தேழு வயது, இங்கேயே பிறந்தவள், வங்கியில் வேலை. அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, ஒருநாள் தகப்பனுக்கு மாத்திரை கொடுக்க வந்தாள். அவர் இடது கையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா! திஸ் இஸ் நோர்வீஜியன்! சின்னனிலை சப்பாத்துக் கட்டிவிடேக்கை அப்பா எனக்கு உப்பிடித்தான் எண்ணச் சொல்லித் தந்தவர்!"

தமிழ் முழுவதும் போய்விட்டது. ஆங்கிலமும் போய்விட்டது. வாலிபத்தில் மீன் மேசையில் படித்த மொழி மட்டும் மிச்சம். நடாஷா கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தாள். அந்தக் குழறலில் கைபேசி ஒருமுறை படகு என்றது, ஒருமுறை வெள்ளிக்கிழமை என்றது, மற்ற நேரம் பேசாமல் இருந்தது.

நோர்வேயில் அவருடைய மச்சான் அன்புராசா இருக்கிறார். குரலைப் பதிந்து அனுப்பினால் ஒரு நிமிடத்தில் அர்த்தம் சொல்லிவிடுவார். கிளடிஸ் அனுப்பவில்லை. காரணம் ஒரு பழைய முள். நடாஷாவின் முதல் பிறந்தநாளுக்கு வந்திருந்த அன்புராசா இரண்டு கிளாஸ் உள்ளே போனபிறகு சொன்னார்:

"அத்தானுக்கு அங்கை வெள்ளைக்காரி ஒருத்தி சமைச்சுப் போட்டவள், தெரியுமோ அக்கா!"

எல்லோரும் சிரித்தார்கள். அகஸ்ரினும் சிரித்தார். கிளடிஸும் சிரித்தாள். சிரித்த வாய்க்குள் அந்த முள் போய் இருந்துகொண்டது. இப்போது அவர் கேட்பது அந்த வெள்ளைக்காரியையாக இருந்தால்? அது அன்புராசாவின் காதுக்குப் போனால் பொழுது படுவதற்குள் ஒஸ்லோவும் லண்டனும் ஸ்காபரோவும் கதைக்கும்.

ஏனென்றால், அவர் ஏதோ கேட்கிறார். அது மட்டும் சந்தேகமில்லை. அவரைப் பார்க்க வரும் பராமரிப்புப் பெண் மூன்று மணிக்குப் போய்விடுவாள். அதனால் கிளடிஸ் வேலை முடிந்ததும் உடுப்பு மாற்றாமல், வெள்ளைக் கோட்டும் தலை வலையுமாகப் பஸ்ஸுக்கு ஓடுவாள். அவள் கதவைத் திறந்ததும், அகஸ்ரின் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்புவார். எந்நேரமும் தலையில் போட்டிருக்கும் தன் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொள்வார். நீளமாக ஒன்றைச் சொல்வார். தினமும் அதே ராகம். கடைசியில் கேள்விபோல ஒரு இழுவை. பிறகு அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"ஓம் அப்பா. ஓம். இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்பாள் அவள்.

அவருடைய முகம் விழும். தலையை ஆட்டிக்கொண்டு உட்காருவார். சில நாள் அழுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுச் சட்டையோடு நாள் முழுவதும் பக்கத்திலேயே இருப்பாள். அன்றைக்கு ஒரு சொல் கேட்கமாட்டார். அவள் அங்கே இருப்பதையே கவனிக்கமாட்டார்.

ஜூன் மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, நேர்சிங் ஹோமில் ஒரு கட்டில் காலியாகி இருப்பதாகத் தொலைபேசி வந்தது. திங்கட்கிழமை காலைக்குள் பதில் சொல்லவேண்டும்.

"அம்மா, யூ கான்ட் டூ திஸ் அலோன். உங்கடை கையைப் பாருங்கோ. போன கிழமை அப்பா பாத்றூமிலை விழேக்கை உங்களாலை தூக்கேலாமல் போச்சுத்தானே?"

"அவர் என்னட்டை என்னவோ கேக்கிறார் பிள்ளை."

"ஐ நோ, பட்..."

"ஐஞ்சு மாசமாக் கேக்கிறார். அது என்னெண்டு தெரியாமல் நான் அவரை ஒரு இடமும் விடன். அதுக்குள்ளை என்ரை பேர் ஒருக்கால் வந்தாப் போதும். நான் செத்தாலும் வீட்டிலை வைச்சுப் பாப்பன்."

"வேறை ஆற்றையும் பேர் வந்தால்?"

 மகள் எழும்பிப் போய்க் கைபேசியில் எதையோ தேடினாள். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தாள்.

"நாளைக்கு வூட்பைன் பீச்சடியிலை நோர்வேக்காரற்றை சம்மர் ஃபெயார் ஒண்டு நடக்குதாம். சாப்பாடு, கைவேலை எல்லாம் இருக்காம். நாங்கள் போவம். அங்கை ஒரு கிழவி கூடவோ இருக்காது, அப்பா சொல்லுறதைக் கேக்க?"

மறுநாள் கிளடிஸ் கணவருக்கு வெள்ளைச் சேட்டும், கறுப்புக் காற்சட்டையும் உடுத்தினாள். தானும் நீலச் சேலை ஒன்றைக் கட்டினாள். நடாஷா சிரித்தாள்.

"பீச்சுக்கு சாறியோ அம்மா? சீரியஸ்லி?"

"உனக்கென்னடி? நான் என்ரை மனிசனோடை போறன்."

அந்த ஏரிக்கரையில் நிற்கும்போது எதிர்க்கரை தெரிவதில்லை. அதனால் எங்கள் ஆட்களுக்கு அது ஏரி இல்லை, கடல்தான். உப்பு மட்டும் இல்லை. மணலில் பிள்ளைகள் கைப்பந்து அடித்தார்கள். பலகை நடைபாதையில் நாய்களும் குழந்தை வண்டிகளும் ஓடின. அதற்குப் பின்னால், புல்வெளியில், சிவப்பும் நீலமும் வெள்ளையுமாகக் கொடிகள் கட்டிய பத்துப் பன்னிரண்டு கூடாரங்கள். ஒரு கிழவர் அக்கோர்டியன் வாசித்தார். காற்றில் வெண்ணெயும் பொரித்த மீனும் மணந்தது.

அகஸ்ரின் காரில் இருந்து இறங்கி, மூக்கை உயர்த்தினார். கூனியிருந்த முதுகு நிமிர்ந்தது. ஊன்றுகோலை ஊன்றி, இருவரையும் விட்டுவிட்டு முன்னால் நடக்கத் தொடங்கினார்.

"அம்மா, அப்பா நடக்கிறார்!" என்றாள் நடாஷா.

முதல் கூடாரத்தில் மீன் கேக். வட்டமாகத் தட்டிப் பொரித்தது. அகஸ்ரின் நின்று நின்று மூன்று சாப்பிட்டார். வீட்டில் ஒரு கரண்டிக் கஞ்சிக்கு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டும் மனிதர்! அடுத்த கூடாரத்தில் மெல்லிய உருளைக்கிழங்கு ரொட்டியில் வெண்ணெயும் சீனியும் பூசிச் சுருட்டிக் கொடுத்தார்கள். மண்ணிறத்தில் ஒரு சீஸைச் சீவி, கத்தி நுனியில் வைத்துக் கொடுத்தார்கள்.

"சீஸோ உது? பால் ரொபி மாதிரியெல்லோ கிடக்கு" என்றாள் கிளடிஸ், வாய்க்குள் போட்டபடி.

"அம்மா, ஃப்ரீ சாம்பிளை எத்தினைதரம் எடுப்பீங்கள்? அந்தாள் பாக்குது."

"பாக்கட்டும். நான் நோர்வே மருமகள்."

நடாஷா வாய்விட்டுச் சிரித்தாள். கிளடிஸும் சிரித்தாள். ஏழு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. அகஸ்ரினின் மோவாயில் வெண்ணெய் வழிந்தது. சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தபோது, எல்லாம் சரிவந்துவிடும் என்று அவளுக்கு ஒரு பைத்தியக்கார நினைப்பு வந்தது. கடவுளே, அந்த நினைப்பை ஏன் கொடுத்தாய்!

அடுத்தது கைவேலைக் கூடாரம். பூக்கள் தீட்டிய மரக் கிண்ணங்கள், வெள்ளி ஊசிகள், வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் செய்த தையல். கடைசி மேசையில் கம்பளிக் கையுறைகள். கறுப்பும் வெள்ளையும். எட்டு இதழ் நட்சத்திரம்.

அகஸ்ரின் அந்த மேசையின் முன்னால் நின்றார். கிளடிஸ் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றாள்.

அவர் இடது கையால் ஒரு சோடியை எடுத்தார், பெரிது என்று வைத்தார். இன்னொன்றை எடுத்தார், வைத்தார். கடைசியில் ஒரு சின்னச் சோடியை எடுத்துத் தன் உள்ளங்கைமேல் வைத்து அளந்து பார்த்தார். விரல் நுனியில் இருந்து மணிக்கட்டுவரை. ஒரு பெண்ணின் கை. தலையை ஆட்டினார். சரி.

"அப்பா..." கிளடிஸ் தன் வலது கையை அவர் முன்னால் நீட்டினாள். மூட்டுகள் புடைத்த கை. "போட்டு விடுங்கோ."

அகஸ்ரின் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு மரியாதையோடு, ஆனால் உறுதியாக, தன் முழங்கையால் அதை விலக்கினார். கையுறைகளைச் சேட்டுப் பைக்குள் திணித்து, பையை இரண்டுமுறை தட்டிக்கொண்டார்.

கிளடிஸின் கை நீட்டியபடியே நின்றது.

ஆருக்கு? அந்தச் சின்னக் கை ஆருடையது? அன்புராசா சொன்ன வெள்ளைக்காரி அவளுடைய கண்ணுக்கு முன்னால் வந்து நின்றாள். மஞ்சள் தலைமயிர், சிவந்த கன்னம். இவ்வளவு வருடமும் இவளுடைய கையைத் தேய்த்தபோதெல்லாம் அவர் மனதில் இருந்தது அந்தக் கையா? நடாஷா மேசைக்காரிக்கு வங்கி அட்டையை நீட்டினாள். தாயின் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குள் அகஸ்ரின் நடந்துவிட்டார். கடைசிக் கூடாரத்தில் வாஃபிள் சுட்டுக்கொண்டிருந்தாள் ஒரு கிழவி. எண்பது வயது இருக்கும். மாவு படாமல் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தாள். தலையில் வலைத்தொப்பி. அவளைக் கண்டதும் அகஸ்ரின் ஊன்றுகோலை மேசையில் சாய்த்தார். தொப்பியைக் கழற்றினார். நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

அதே ராகம். அதே இழுவை. கிளடிஸ் தினமும் நான்கு மணிக்குக் கேட்ட அதே கேள்வி.

கிழவியின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. அவள் குனிந்து, காது கொடுத்துக் கேட்டாள். இரண்டு தடவை ஏதோ திருப்பிக் கேட்டாள். பிறகு நடாஷாவைப் பார்த்து ஆங்கிலத்தில் கேட்டாள்.

"இவர் வடக்குப் பக்கத்து மீன்காரர்போலப் பேசுகிறாரே? என் பெயர் தூரிட். நானும் அந்தப் பக்கம்தான். என் அண்ணன்மார் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். இவர் யார்?"

நடாஷா சொன்னாள். மளமளவென்று எல்லாவற்றையும் சொன்னாள். கிளடிஸ் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"கேள் பிள்ளை. என்ன சொல்லுறார் எண்டு கேள். எதெண்டாலும் சொல்லச் சொல்லு. எனக்கு மறைக்க வேண்டாம் எண்டு சொல்லு."

தூரிட் கைகளைத் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வசனமாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நடாஷா தமிழில் சொன்னாள்.

"அப்பா இவவை சுப்பவைசர் எண்டு நினைக்கிறார், அம்மா. 'மேடம், நான் ஐஞ்சு வருசமா ஒருநாளும் லீவு எடுக்கேல்லை. இந்தச் சனிக்கிழமை மட்டும் லீவு தாங்கோ. பதிலுக்கு ரெண்டு ஞாயிறு வேலை செய்யுறன்' எண்டு கேக்கிறார்."

"என்னத்துக்கு லீவு?"

"'என்ரை பொம்பிளை பிளேனிலை வாறா. அவவுக்கு இந்தப் பாஷை தெரியாது. தனிய வாறா. இறங்கி வரேக்கை நான் அங்கை நிக்காட்டி அவ பயந்திடுவா' எண்டு..."

கிளடிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரல்களுக்குள்ளால் வழிந்தது. அது துக்கமில்லை. அந்த ஒரு நிமிடம் அது துக்கமே இல்லை! வெள்ளைக்காரி இல்லை. வேறு ஒருத்தியும் இல்லை. அவள்தான். ஐந்து மாதமாக அவர் கேட்டது அவளைத்தான்!

"நான் வந்திட்டன் எண்டு சொல்லச் சொல்லு! பொம்பிளை வந்திட்டா, பக்கத்திலை நிக்கிறா எண்டு சொல்லச் சொல்லு!"

தூரிட் சொன்னாள். கிளடிஸைக் கையால் காட்டியும் சொன்னாள்.

அகஸ்ரின் திரும்பிக் கிளடிஸைப் பார்த்தார். நரைத்த தலை, தடித்த உடம்பு, நீலச் சேலை, அழுத முகம். நல்ல மனிதர் அல்லவா, கோபிக்கவில்லை. இலேசாகச் சிரித்தார். பணப்பையை இடது கையால் சிரமப்பட்டு எடுத்து, மேசையில் கவிழ்த்து, ஒரு சின்னப் படத்தைத் தேடி எடுத்துத் தூரிட்டிடம் நீட்டினார். மன்னாரில் ஸ்ரூடியோவில் எடுத்து, தபாலில் அனுப்பிய படம். இருபத்துநான்கு வயதுக் கிளடிஸ், ஒற்றைப் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மெதுவாக ஏதோ சொன்னார்.

தூரிட் படத்தையும் கிளடிஸையும் மாறி மாறிப் பார்த்தாள்.  சொல்ல விரும்பவில்லை.

"சொல்லச் சொல்லு."

"'இவதான் வாறது'... 'இந்த அம்மாவுக்குச் சொல்லுங்கோ, என்னோடை பகிடி விடவேண்டாமெண்டு'... அம்மா, ஐ ஆம் சோ சொறி..."

இந்த அம்மா! முப்பத்திரண்டு வருடம் ஒரே பாயில் படுத்தவர். இந்த அம்மா!

கிளடிஸ் விடவில்லை. ஏஜென்சிக்காரனின் பெயரைச் சொன்னாள். சிங்கப்பூரில் அடைபட்டுக் கிடந்த அறையைச் சொன்னாள். பஸ்ஸில் தொலைத்த கையுறையைச் சொன்னாள். நடாஷா சொல்ல, தூரிட் சொல்ல, அகஸ்ரினின் முகத்தில் பயம்தான் ஏறியது. சிங்கப்பூர் என்றதும் அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். பொம்பிளைக்கு ஏதோ நடந்துவிட்டது என்று விளங்கிக்கொண்டாரோ என்னவோ, தூரிட்டின் கோட்டுக் கையைப் பற்றி, அழுது, திரும்பத் திரும்ப அதே கேள்வியைக் கேட்கத் தொடங்கினார்.

"இந்தக் கோட்டும் வலையும்தான் காரணம். அதனால்தான் என்னைச் சுப்பவைசர் என்று நினைக்கிறார்" என்றாள் தூரிட்.

நடாஷா தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா... நீங்களும் உப்பிடித்தானே வீட்டை வாறனீங்கள்."

அதைக் கேட்டதும் கிளடிஸ் புல்லில் இருந்துவிட்டாள். நாலு மணி. கதவு. கோட்டு. வலை. எழும்பி நிற்கும் அகஸ்ரின். ஐந்து மாதமாக, தன்னைக் கூட்டிவர லீவு தா என்று அவர் தன்னிடமே கேட்டிருக்கிறார். தேத்தண்ணி போடுறன் என்று சொல்லிவிட்டு அவள் குசினிக்குப் போயிருக்கிறாள். ஒருநாளும் கொடுக்கவில்லை!

"நான் என்ன சொல்லட்டும்?" என்று கேட்டாள் தூரிட். "லீவு தருகிறேன் என்று சொல்லவா?"

இல்லை என்றால் இன்றைக்கும் அழுவார், நாளைக்கும் அழுவார். ஓம் என்றால், இனி இல்லாத ஒருத்தியைத் தேடிப் போவார். அக்கோர்டியன் கிழவர் ஏதோ ஒரு துள்ளல் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தார்.

"குடுக்கச் சொல்லு" என்றாள் கிளடிஸ்.

தூரிட் சொன்னது ஒரு சின்ன வசனம். அகஸ்ரின் முதலில் நம்பவில்லை. திருப்பிக் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். அப்போது அவருடைய முகத்தில் வந்த வெளிச்சத்தை, கிளடிஸ் தன் கலியாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. தூரிட்டின் கையைப் பிடித்து, "தக், தக், தக்" என்று நன்றி சொன்னார். தொப்பியைப் போட்டார். ஊன்றுகோலை எடுத்தார். ஒருவரையும் பார்க்காமல் நடந்தார்.

நேரே வீதிக்கு.

"அப்பா! ஸ்ரொப்!" நடாஷா ஓடினாள். கார்கள் கிரீச்சிட்டு நின்றன. நடுவீதியில், கையுறைகளை வைத்திருந்த சேட்டுப் பையைப் பொத்தியபடி, விமானம் பிடிக்கப் போகிற அவசரத்தில் நின்றார் அகஸ்ரின். மகளும், இன்னும் இரண்டு பேரும் சேர்ந்துதான் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

நடைபாதை ஓரத்து நீள வாங்கில் அவரை உட்கார வைத்தார்கள். ஏரியின் மேலால் ஒரு விமானம் தாழப் பறந்து போனது. அவர் அதைப் பார்த்ததும் அமைதியானார். இங்கேதான் வரும் என்று நினைத்திருக்கவேண்டும். காத்திருக்கத் தொடங்கினார். வாங்கின் மறுமுனையில் கிளடிஸ் இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவர், வழியில் கண்ட பெண் ஒருத்திக்குக் கொடுப்பதுபோல, தூரிட் கொடுத்த வாஃபிளில் பாதியை அவளுக்கு நீட்டினார். அவள் வாங்கிச் சாப்பிட்டாள்.

நடாஷா வந்து காலடியில், மணலில் இருந்தாள்.

"அம்மா, மண்டே..."

"லீவு குடுத்தா வீட்டிலை நிக்கமாட்டார். றோட்டிலை ஓடுவார். குடுக்காட்டி அழுவார்." கிளடிஸ் ஏரியைப் பார்த்தபடி சொன்னாள். "அங்கை கதவெல்லாம் பூட்டுத்தானே?"

"ஓம். நம்பர் கோட் அடிச்சாத்தான் திறக்கும்."

"அப்ப ஓமெண்டு சொல்லு."

போகும்போது அவள் தூரிட்டிடம் திரும்பிப் போனாள். ஒரு கடதாசித் தட்டை நீட்டி, அந்தச் சின்ன வசனத்தை மெல்ல மெல்லச் சொல்லச் சொன்னாள். தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். யா, டூ கான் தா ஃப்ரீ. ஓம், நீ லீவு எடுக்கலாம்.

கிழமை நாட்களில் நீங்கள் ஃபிஞ்ச் பஸ்ஸில் போனால் இன்றும் அவளைக் காணலாம். வெள்ளைக் கோட்டும் தலை வலையுமாக நிற்பாள். பஸ் ஓடும்போது உதடு மட்டும் அசையும். அந்த வசனத்தைப் பாடமாக்குகிறாள்.

நேர்சிங் ஹோமில் அவருடைய அறைக்குள் அவள் போனதும் அகஸ்ரின் எழும்புவார். தொப்பியைக் கழற்றிக் கேட்பார். அவர் நேற்றும் கேட்டதும், அவள் நேற்றும் கொடுத்ததும் அவருக்கு நினைவில்லை. கிளடிஸ் அந்த வசனத்தைச் சொல்வாள். அந்த வெளிச்சம் வரும். கையுறைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, நடைபாதையைப் பார்த்தபடி கதவோரக் கதிரையில் இருப்பார். அவள் வெளியே வந்து, கோட்டைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைப்பாள்.

ஒருநாள் அவளுக்கு ஆசை வந்தது. கழிவறைக்குப் போய் வலையைக் கழற்றினாள். முகம் கழுவினாள். நரைத்த மயிரை ஒற்றைப் பின்னலாகப் பின்னி முன்னால் போட்டாள். நடைபாதையின் மறுமுனையில் இருந்து, ஒரு கைப்பையோடு, பயந்த பெண்போல மெதுவாக நடந்து வந்தாள்.

அகஸ்ரின் தலையை நிமிர்த்தினார். மடியில் இருந்த கையுறைகளைக் கையில் எடுத்தார். கிளடிஸ் இன்னும் ஓர் அடி வைத்தாள்.

அவர் கொஞ்சம் சரிந்து, கழுத்தை நீட்டி, அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.